முழுக் கவரேஜ்

நூற்று நாற்பது பெட்டி போதும் என்றுதான் பூங்கோதை எழுதிக் கொடுத்திருந்தாள். லாரியில் வந்து இறங்கியவை நானூற்றுப் பன்னிரண்டு.

பெட்டி என்றால் வைஃபை பெட்டி. கூரையில் ஒட்டி வைக்கும் வெள்ளைத் தட்டு, நடுவில் கடுகளவு நீல விளக்கு. பெருந்துறைக்கும் சென்னிமலைக்கும் நடுவில் இருந்த அந்தப் பொறியியல் கல்லூரியின் நெட்வொர்க்கைப் பதினான்கு வருடமாகக் கட்டி மேய்ப்பவள் பூங்கோதை. அவளைப் பார்த்தால் மாணவர்கள் வணக்கம் சொல்வதில்லை. "மேடம், நெட் வரல" என்பார்கள். அந்தப் புகாருக்கு ஒரு முடிவு கட்டத்தான் இரண்டு வாரம் மடிக்கணினியைக் கையில் ஏந்திக்கொண்டு வளாகம் முழுக்க நடந்தாள். எங்கே சிக்னல் படுத்துவிடுகிறது, எங்கே எழுந்து உட்காருகிறது என்று அளந்து வரைபடம் போட்டாள். நூற்று நாற்பது என்ற கணக்கு அப்படி வந்தது. ஐந்து கூடலாம், ஐந்து குறையலாம். மூன்று மடங்காக வீங்குவதற்கு வழியே இல்லை.

சந்தேகம் அவளுக்குப் பிறவிக் குணம். கேஸ் சிலிண்டர் வந்தால் தூக்கிப் பார்க்காமல் கையெழுத்துப் போடமாட்டாள். ஆகவே நேராகத் தாளாளர் அறைக்குப் போனாள். தாளாளர் முத்துக்குமாரசாமி கல்லூரியைக் கட்டியவர், அதை இன்னும் தன் வீட்டின் பின்கட்டு மாதிரியே நினைப்பவர்.

"கம்பெனிக்காரங்க அவங்களாக் குடுக்கறாங்கம்மா. கூட வர்றத வேண்டாங்கறதா?" என்றார்.

"கூட ஏனுங்கய்யா குடுக்கறாங்க?"

"நம்ம காலேஜ் மேல ஒரு மதிப்புத்தான். வளாகம் முழுக்க ஒரு அடி விடாம கவரேஜ் வேணும்னு நீதானம்மா கேட்டே."

கேட்டது உண்மை. ஆனால் மதிப்புக்காகப் பெட்டி கொடுக்கும் கம்பெனியை அவள் பார்த்ததில்லை. மறுநாளே ஆட்கள் ஏணியோடு வந்து ஒட்ட ஆரம்பித்தார்கள். ஒட்டிய இடங்கள் அவளுக்கு இன்னும் பிடிக்கவில்லை. படிக்கட்டுத் திருப்பத்தில் மூன்று. யாரும் உட்காராத மைதான கேலரியில் மூன்று. பின்பக்க மதிலில், வெளியே இருக்கும் டீக்கடையைப் பார்த்தபடி மூன்று. இங்கெல்லாம் நின்று யார் பாடம் டவுன்லோடு செய்யப் போகிறார்கள்? பெண்கள் ஓய்வறைப் பக்கம் ஏணியைச் சாய்த்தபோது மட்டும் குறுக்கே நின்று, அங்கே ஒன்றுகூட வரக்கூடாது என்று பிடிவாதமாகச் சொல்லிவிட்டாள். அவர்களும் சண்டை போடாமல் ஏணியை எடுத்துக்கொண்டு போனார்கள். அதுவே அவளுக்குச் சந்தேகமாக இருந்தது.

அடுத்த மாதம் மாடல் எக்ஸாம் வந்தது. மூன்றாம் நாள் காலை பத்தரை மணிக்கு அவள் தன் அறையில் உட்கார்ந்து திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பரீட்சை நேரத்தில் நெட்வொர்க் செத்துக் கிடக்கும். எல்லோருடைய போனும் கீழ்த்தளத்தில் பைக்குள் இருக்கும், வாட்ச்சைக்கூடக் கழற்றி அட்டைப்பெட்டியில் போட்டுவிட வேண்டும். பதினான்கு வருடமும் அந்த மூன்று மணி நேரம் திரையில் டேட்டா அளவைக் காட்டும் கோடு தரையோடு தரையாகக் கிடந்தது. இன்றைக்கு அது மேலே ஏறி நின்றது. வேறெந்த நேரத்தையும்விட உயரமாக, அதுவும் தேர்வு அறைகளில் மட்டும்.

யாரோ கூட்டமாகக் காப்பி அடிக்கிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தாள். எழுந்து பன்னிரண்டாம் அறைக்குப் போய்ப் பார்த்தாள். அந்த அறை அவளுக்குப் பழக்கம். முதல் நாள் அங்கே கண்காணிப்பாளர் அவள்தான். ஆள் பற்றாக்குறை என்றால் நெட்வொர்க் மேடத்தையும் வினாத்தாளோடு அனுப்பிவிடுவது அந்தக் கல்லூரியின் வழக்கம். மற்ற அறைகளில் ஆண்கள் தனி, பெண்கள் தனி. ஒவ்வொரு துறையிலும் மிஞ்சியவர்களை எண் வரிசைப்படி அடைக்கும் அறை பன்னிரண்டு. அன்று காலை உள்ளே நுழைந்தபோது பெண்கள் பையன்களுக்கு நடுவே அங்கொன்றும் இங்கொன்றுமாக உட்கார்ந்திருந்தார்கள். பூங்கோதை யோசிக்கவே இல்லை. பதினொரு பெண்களையும் எழுப்பி ஜன்னல் பக்கம் உட்கார வைத்து, அங்கிருந்த பதினொரு பையன்களை அவர்கள் இடத்துக்கு அனுப்பினாள். இரண்டே நிமிட வேலை. மறுநாள் வந்த கண்காணிப்பாளர்களும் அதை அப்படியே விட்டுவிட்டார்கள்.

இப்போது அதே முப்பது பேர் தலை குனிந்து எழுதிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் கையிலும் பேனாவைத் தவிர எதுவும் இல்லை. கூரையில் மூன்று நீல விளக்குகளும் விடாமல் துடித்துக்கொண்டிருந்தன.

கம்பெனியின் இன்ஜினியர் நிதின் அப்போது கேன்டீனில் முட்டை பஃப்ஸ் தின்றுகொண்டிருந்தான். சென்னைப் பையன், இருபத்தாறு வயது, எல்லோரிடமும் சிரித்துப் பேசுவான். அவள் அவனைக் கையோடு தன் அறைக்கு அழைத்து வந்து கதவைச் சாத்தினாள்.

"தம்பி, எக்ஸாம் ஹால்ல ஆரு நெட் யூஸ் பண்றாங்க?"

"யாரும் இல்ல மேடம்."

"அப்பறம் பெட்டிக எதை இத்தனை அனுப்பீட்டு இருக்குது?"

நிதின் கையில் ஒட்டியிருந்த பஃப்ஸ் தூளைத் தட்டினான். சொல்லலாமா என்று யோசிக்கிறவன் மாதிரித் தெரியவில்லை, இவ்வளவு நாள் கேட்கவில்லையே என்பதுபோலத்தான் பார்த்தான்.

"சிக்னல் போனுக்கு மட்டும் போறதில்ல மேடம். செவுத்துல படுது, பெஞ்சுல படுது, ஆள் மேலயும் படுது. ஆள் மேல பட்டுத் திரும்பி வர்றப்போ கொஞ்சம் மாறி வரும். மூச்சு விட்டா ஒரு மாதிரி, நடந்தா ஒரு மாதிரி. ஒருத்தர் மாதிரி இன்னொருத்தர் நடக்கறதில்ல. அந்த வித்தியாசத்தை மெஷின் படிச்சு வெச்சுக்கும்."

"போன் கையில இல்லாமயேவா?"

"போனே வேணாம். செவுத்துக்கு அந்தப் பக்கம் நின்னாலும் தெரியும். அதுக்குத்தான் ஒரு எடத்தை மூணு பெட்டி பாக்கணும்."

பூங்கோதை மனதுக்குள் நூற்று நாற்பதை மூன்றால் பெருக்கினாள். நானூற்று இருபது. லாரியில் வந்த கணக்குக்கு எட்டுதான் வித்தியாசம்.

"சரி, ஆளுன்னு தெரியும். இன்ன ஆளுன்னு எப்படித் தெரியும்?"

"அதுக்குத்தான் எக்ஸாம். இதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைக்காது மேடம். மூணு மணி நேரம், ஆடாம அசையாம, பேர் போட்ட சீட்ல உக்காந்திருக்காங்க. உள்ள நடந்து வர்றாங்க, பேப்பர் குடுக்க நடந்து போறாங்க. சீட்டிங் சார்ட்டை மெஷின்ல ஏத்திட்டோம். அஞ்சு நாள்ல ரெண்டாயிரத்து முந்நூறு பேரையும் அது தெரிஞ்சுக்கும்."

"புள்ளைகளுக்கு இது தெரியுமா?"

"அட்மிஷன் ஃபார்ம்ல ஏழாவது பக்கம் இருக்கு. அவங்க அப்பாங்க கையெழுத்துப் போட்டிருக்காங்க." அவன் குரலில் கள்ளம் இல்லை. "அட்டெண்டன்ஸுக்கு, சேஃப்டிக்கு. நல்ல விஷயம்தான் மேடம்."

அவள் தாளாளரிடம் மறுபடியும் போனாள். தப்பு செய்யாதவளுக்கு என்ன பயம் என்று அவர் கேட்டார். அதற்கு ஒரு பதில் அவளிடம் இருந்தது, நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் அவர் கையில் இருந்த பேனா வேறொரு காகிதத்துக்குப் போய்விட்டதால் அவளும் தலையாட்டிவிட்டு வெளியே வந்தாள். இத்தனை வருடத்தில் அவள் கற்றுக்கொண்ட ஒரு கெட்ட பழக்கம் அது.

இரண்டு வாரம் கழித்து முதல் அறிக்கை வந்தது. ஒழுங்குக் குழு ஒவ்வொருவராகக் கூப்பிட்டு விசாரிக்கத் தொடங்கியது. செவ்வாய்க்கிழமை நாலே முக்கால் மணிக்குத் தெற்குப் படிக்கட்டில் யாரோடு நின்றாய்? புதன்கிழமை மூன்றாவது பீரியடில் ஏன் நூலகத்தின் பின்னால் இருந்தாய்? நாள், நேரம், இடம் எல்லாம் புட்டுப் புட்டு வைத்தார்கள். எப்படித் தெரியும் என்று மட்டும் சொல்லவில்லை.

பிள்ளைகள் முடிவு கட்டிவிட்டார்கள். நம்மில் யாரோ போட்டுக் கொடுக்கிறார்கள். இரண்டு வருடமாக ஒரே டிபன் பாக்ஸில் சாப்பிட்ட பெண்கள் தனித்தனியாக உட்கார்ந்தார்கள். விடுதியில் ஒரு பையனை உளவாளி என்று சொல்லி நாலு பேர் அடித்து, அவன் உதடு கிழிந்து வகுப்புக்கு வந்தான். ஆசிரியர்களும் மாறினார்கள், பணியாளர் அறையில் யாராவது நுழைந்தால் பேச்சு நின்றது. யாரும் யாரையும் போட்டுக் கொடுக்கவில்லை என்பது பூங்கோதைக்கு மட்டும் தெரியும். சொல்லிவிடலாம் என்று ஒவ்வொரு காலையும் நினைத்தாள், மாலையில் சொல்லாமல் வீட்டுக்குப் போனாள். வெட்கமாக இருந்தது. பெட்டிகளுக்குக் கீழே போகும்போது அவளே ஒரு காலைக் கொஞ்சம் இழுத்து நடக்க ஆரம்பித்திருந்தாள். நாற்பது வயதில் என்ன கோமாளித்தனம் என்று தன்னையே திட்டிக்கொண்டாள், ஆனாலும் இழுத்துத்தான் நடந்தாள்.

வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்குத் தாளாளர் அவளைக் கூப்பிட்டு அனுப்பினார்.

அறைக்குள் ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள். பவதாரணி, எலக்ட்ரானிக்ஸ் மூன்றாம் ஆண்டு. தினமும் சென்னிமலையிலிருந்து கல்லூரி பஸ்ஸில் வந்து போகிறவள். ப்ராஜெக்ட்டுக்கு ஒயர் வேண்டும், கிளிப் வேண்டும் என்று பூங்கோதையின் அறைக்கு அடிக்கடி வருவாள், வாங்கியதைச் சொன்ன நாளில் திருப்பிக் கொடுப்பாள். இன்று அழுது முகம் வீங்கியிருந்தது. நாற்காலி நுனியில் அவளுடைய அப்பா நாச்சிமுத்து உட்கார்ந்திருந்தார். விசைத்தறி ஓட்டுகிறவர், வேலையைப் பாதியில் விட்டு வந்திருக்க வேண்டும், தலைமுடியில் பஞ்சு அப்படியே இருந்தது. சுவரில் இருந்த பெரிய திரைக்குப் பக்கத்தில் நிதின் மடிக்கணினியோடு நின்றான்.

"நெட்வொர்க் மேடம் வந்துட்டாங்க. இவங்களையே கேளுங்க, மெஷின் பொய் சொல்லுமான்னு" என்றார் தாளாளர் நாச்சிமுத்துவிடம்.

திரையில் பவதாரணியின் பெயருக்குக் கீழே சிவப்பு வரிகள் வரிசையாக நின்றன. மைதானம், டீக்கடைப் பக்கம், தெற்குப் படிக்கட்டு. அவற்றுக்கெல்லாம் மேலே மூன்று வரிகளைத் தடித்த எழுத்தில் போட்டிருந்தார்கள். ஆண்கள் விடுதி, அறை 214. மூன்று பிற்பகல்கள், இரண்டு மணியிலிருந்து மூன்றே முக்கால்வரை.

"நான் அந்நேரம் லேப்லதான் இருந்தனுங்க" என்றாள் பவதாரணி. இதை அவள் பலமுறை சொல்லிவிட்டாள் என்பது குரலில் தெரிந்தது. "ரெஜிஸ்டர்ல இருக்குதுங்க. கூட இருந்தவங்களக் கேளுங்க."

"ரெஜிஸ்டர்ல ஆருக்கு ஆரு ப்ராக்ஸி குடுக்கறாங்கன்னு எனக்குத் தெரியாதா?" என்றார் தாளாளர்.

நாச்சிமுத்து மகளைப் பார்க்கவில்லை. மேசையின் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு மெதுவாகப் பேசினார். "டிசி குடுத்துருங்கய்யா. கூட்டீட்டுப் போயர்றன். அவ மாமன் ஊட்ல ஆறு மாசமாக் கேட்டுட்டே இருக்கறாங்க. படிப்பு முடியட்டும்னு நாந்தான் தட்டிக் கழிச்சிட்டு இருந்தன்."

"அப்பா" என்றாள் பவதாரணி. அவ்வளவுதான் வந்தது.

இன்னும் ஒரு வருடம் படித்தால் அந்தப் பெண் இன்ஜினியர். இந்த அறையை விட்டுக் கையெழுத்தோடு வெளியே போனால் வரும் முகூர்த்தத்தில் கல்யாணம். பூங்கோதைக்கு இது ஒரு நொடியில் புரிந்தது. அவள் அந்தச் சிவப்பு வரிகளை மறுபடி படித்தாள். பவதாரணியின் நடையா அது? டீக்கடை, மைதானம், விடுதியில் மத்தியானத் தூக்கம். ஒரு பையனின் நாளை அப்படியே எடுத்து இவள் பெயரில் ஒட்டியது போல இருந்தது.

"தம்பி, மெஷின் இவளை எந்த ஹால்ல படிச்சுது?"

நிதின் தட்டிப் பார்த்தான். "ஹால் ட்வெல்வ் மேடம். சீட் நம்பர் பதினேழு."

பதினேழு நடு வரிசை. "கண்ணு, நீ இங்க வா, தம்பி, நீ அங்க போ" என்று தான் சொன்னதும், இந்தப் பெண் பேனா பென்சிலை எடுத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் வந்ததும், தலையில் எண்ணெய் வழிந்த ஒரு பையன் எழுந்து போனதும் கண் முன்னால் வந்தன.

"ஐயா, அந்தச் சீட்ல இவ உக்காரவே இல்லீங்க. நாந்தான் இடம் மாத்துனன். பொண்ணுங்கள எல்லாம் ஜன்னல் பக்கம் கொண்டுவந்தன். சார்ட்டுல அத எழுதல. பதினேழுல அஞ்சு நாளும் உக்காந்து எழுதுனது ஹரிபிரசாத்துன்னு ஒரு பையனுங்க. இவ உக்காந்தது அவன் சீட்டு. மெஷின் அவன் உடம்பைப் படிச்சிட்டு இவ பேரை வெச்சிருச்சு."

தாளாளரின் முகம் கறுத்தது. "ஆரைக் கேட்டு மாத்துனேம்மா?"

"ஆரும் சொல்லலீங்கய்யா. நம்ம காலேஜ்ல அதை ஒருத்தர் சொல்லோணுமுங்களா?"

மெமோ வரும், அதற்கு மேலும் வரும் என்று அவளுக்குத் தெரியும். பதினான்கு வருடத்தில் முதல்முறையாக அதைப் பற்றிக் கவலையில்லாமல் இருந்தது.

"இப்பவே பாத்தரலாங்க" என்று நாச்சிமுத்துவின் பக்கம் திரும்பினாள். "பவதாரணி, வராண்டாவுல தண்ணிக் குழாய் வரைக்கும் போயிட்டு வா கண்ணு. சாதாரணமா நட. நிதின், லைவ் போடுங்க."

பவதாரணி கதவைத் திறந்து போனாள். திரையில் வராண்டாவின் வரைபடம் வந்தது. ஒரு புள்ளி அறையிலிருந்து கிளம்பி மெல்ல நகர்ந்து, குழாயடியில் நின்று, திரும்பியது. அதன் தலைக்கு மேல் பெயர் இருந்தது. ஹரிபிரசாத், மெக்கானிக்கல், மூன்றாம் ஆண்டு.

நிதின் வாயைப் பிளந்தான். நாச்சிமுத்துவுக்கு ஆங்கில எழுத்து ஓடாது, பூங்கோதையைப் பார்த்தார்.

"பையன் பேருங்க. உங்க பொண்ணு நடந்தா மெஷின் அதைப் பையன்னு சொல்லுது. அந்த ரூமுக்குப் போனவன் அவன். அது அவன் ரூமுங்க, படுத்துத் தூங்கியிருக்கறான்."

அந்த மனிதர் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. உள்ளே வந்த மகளை இழுத்துப் பக்கத்தில் நிறுத்தி, அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டு, "சாமி, சாமி" என்று மட்டும் சொன்னார். பவதாரணி பூங்கோதையைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்காக வேலையே போனாலும் போகட்டும் என்று பூங்கோதை நினைத்தாள். இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டிருந்த பாவம் கொஞ்சம் கழுவப்பட்டது போலவும் இருந்தது.

"அப்பச் சரி பண்ணீருங்க" என்றார் தாளாளர் நிதினிடம், சுருக்கமாக. அசடு வழிந்ததை மறைக்க அவசரப்பட்டார்.

"ஒரு செகண்ட் சார். ரெண்டு பேரையும் மாத்திப் போட்டா போதும்." நிதின் ஒரு பெயரைப் பிடித்து இழுத்து இன்னொன்றின் மேல் விட்டான்.

சிவப்பு வரிகள் அத்தனையும் ஹரிபிரசாத்தின் பெயருக்குக் கீழே போய் விழுந்தன. விழுந்த உடனே ஒவ்வொன்றாகப் பச்சையாக மாறின. டீக்கடை பச்சை, மைதானம் பச்சை, விடுதித் தூக்கமும் பச்சை.

"அது ஏன் பச்சையாச்சு?" என்று தாளாளர் கேட்டார்.

"பசங்களுக்கு நீங்க குடுத்த ரூல் ஒண்ணுதானே சார், லேடீஸ் ஹாஸ்டல் பக்கம் போகக்கூடாதுன்னு. பொண்ணுங்களுக்குத்தான் பதினொண்ணு."

அப்போதுதான் பூங்கோதைக்கு உறைத்தது. பாழாய்ப் போன புத்தி, ஒரு நிமிடம் முன்னால் உறைத்திருக்கக் கூடாதா? திரையின் இடது பக்கத்தில் பவதாரணியின் பெயருக்குக் கீழே, ஒரு மாதமாக ஹரிபிரசாத் என்ற பெயரில் பச்சையாகக் கிடந்த வரிகள் வந்து இறங்கின. பையன் என்பதால் மெஷின் கண்டுகொள்ளாமல் விட்டவை. இப்போது அது அவற்றை ஒரு பெண்ணின் நடமாட்டம் என்று எடுத்துக்கொண்டு திரும்பப் படித்தது. முதல் வரி சிவந்தது. அடுத்தது சிவந்தது. அறுபத்து மூன்றில் போய் நின்றது.

நாச்சிமுத்து திரையைப் பார்த்தார். "என்னுங்க அது, செவப்பா?"

அவர் பூங்கோதையிடம் திரும்பினார். "அம்மிணி, நீங்களே படிச்சுச் சொல்லுங்க. இங்க இருக்கறவங்கள்ல நான் உங்களத்தான் நம்பறன்."

படிக்காமல் இருக்க முடியவில்லை. தாளாளருக்கும் நிதினுக்கும் ஆங்கிலம் தெரியும். பவதாரணி தலையை லேசாக அசைத்தாள், வேண்டாம் என்பது போல. பூங்கோதை அதைப் பார்த்தாள், பார்த்தும் படித்தாள்.

"திங்கக்கிழமை, அஞ்சு பத்துல இருந்து ஆறரை. ப்ராஜெக்ட் லேப். கூட மூணு பசங்க." அடுத்த வரிக்குப் போனாள். "செவ்வாய்க்கிழமையும் அதேதான். புதன், மைதான கேலரி, அஞ்சு மணியில இருந்து ஆறு வரைக்கும். கூட ஆரும் இல்ல."

"ஆறே முக்கா பஸ்ஸுல வர்றன்னைக்கெல்லாம் ஸ்பெஷல் கிளாஸுன்னு சொன்னியே சாமி" என்றார் நாச்சிமுத்து. குரலில் கோபம் இல்லை.

"லேப்ல மோட்டாருக்குக் கன்ட்ரோலர் செய்யறமுங்கப்பா. போட்டிக்கு அனுப்பறதுக்கு. பசங்க கூடன்னு சொன்னா நீங்க விடமாட்டீங்கன்னுதான்."

"சரி. கேலரில?"

"சும்மா உக்காந்திருந்தனுங்கப்பா."

"தனியாவா?"

"ஆமாங்க."

"தனியா உக்காந்து என்ன பண்ணுனே?"

பவதாரணி யோசித்தாள். பொய் சொல்ல ஒன்று தேடியிருந்தால் கிடைத்திருக்கும். "ஒண்ணும் பண்ணலீங்கப்பா. காத்து வரும். அங்க ஆரும் எதுவும் கேக்கமாட்டாங்க. அதுக்குத்தான் போவேன்."

தறிச் சத்தத்துக்குள் முப்பது வருடம் இருந்த மனிதருக்கு அது புரிந்திருக்க வேண்டியது. புரியவில்லை. ஒரு பெண் பஸ்ஸை விட்டுவிட்டு, வீட்டில் பொய் சொல்லிவிட்டு, காற்றுக்காக ஒரு மணி நேரம் உட்கார்ந்திருப்பாள் என்பதை அவரால் எந்தப் பக்கம் திருப்பியும் நம்ப முடியவில்லை. அவர் கை மகளின் முழங்கையிலிருந்து மெதுவாக விலகியது.

தாளாளர் பெருந்தன்மையாகச் சிரித்தார். "இதெல்லாம் சின்ன விசயந்தானுங்க. ஒரு வார்னிங் எழுதி வாங்கிக்கறோம். புள்ள படிக்கட்டும்."

"இல்லீங்கய்யா." நாச்சிமுத்து எழுந்தார். "மொதல்ல சொன்னது பெரிய பழிதான், ஆனா பொய்யின்னு ஆயிப்போச்சு. இது நெசமுங்களே. அவளே ஒத்துக்கறாளே. டிசி எங்க வாங்கோணும்னு சொல்லுங்க."

காகிதம் தயாராக அரை மணி நேரம் ஆனது. நாச்சிமுத்து அலுவலகத்துக்குள் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். பவதாரணி வெளியே தூணோரம் நின்றாள். பூங்கோதை பக்கத்தில் போய் நின்றாள்.

"எனக்குத் தோணாமப் போயிருச்சு கண்ணு. மெஷின் தப்புன்னு காட்டுனாப் போதும்னு நெனச்சுட்டன்."

"தெரியுமுங்க மேடம். எனக்காகத்தான் சொன்னீங்க." அவள் அழுது முடித்திருந்தாள். "ஆனா அது பொய்யா இருந்தப்ப நான் எப்படியும் ஜெயிச்சிருப்பனுங்க. லேப்ல கூட இருந்த நாலு பேரும் சாட்சி சொல்றம்னாங்க. பொய்யின்னா இல்லீன்னு சொல்லலாம். இதை என்னன்னுங்க சொல்றது?"

அப்பா வெளியே வந்தார். பூங்கோதைக்குக் கும்பிடு போட்டார், மனதாரத்தான் போட்டார். மகள் அவருக்கு இரண்டடி பின்னால் நடந்தாள். இருவரும் பஸ் நிறுத்தத்துக்குப் போகும் சாலையில் இறங்கினார்கள்.

நிதின் மடிக்கணினியைத் திறந்தபடியே அவளைத் தேடி வந்தான். அவனுக்கும் முகம் சரியில்லை, ஆனால் வேலை வேலைதான்.

"மேடம், ஹால் ட்வெல்வ்ல இன்னும் பத்துப் பொண்ணுங்க மாறி உக்காந்திருக்காங்களே. அவங்க பேர்ல வர்ற ரிப்போர்ட் எதுவும் இப்போ செல்லாதுன்னு கரஸ்பாண்டன்ட் சொல்லிட்டார். யார் யார் எந்த சீட்டுக்குப் போனாங்கன்னு நீங்க சொன்னா, இப்பவே மாத்திப் போட்டுடலாம்."

பூங்கோதை கண்ணை மூடித் திறந்தாள். ஜன்னலோரம் முதல் இருக்கையில் சிவில் துறைப் பெண், அதற்குப் பின்னால் இரட்டைப் பின்னல் போட்டவள், அடுத்தது கண்ணாடி, அடுத்தது இருமிக்கொண்டே எழுதியவள். பத்துப் பேரும் ஒருத்தி விடாமல், யார் எந்த எண்ணிலிருந்து எழுந்து வந்தாள் என்பதோடு, அவளுக்கு ஞாபகம் இருந்தது.

"ஞாபகம் இல்லீங்க தம்பி" என்றாள்.

"ஒருத்தர்கூடவா?"

"ஒருத்தர்கூட."

"அப்போ அடுத்த எக்ஸாம் வரைக்கும் அவங்க பையன் பேர்லயே இருக்கட்டும்னு விட வேண்டியதுதான். நாலு மாசம் ஆகும்."

"விட்டுருங்க" என்று சொல்லிவிட்டு, பூங்கோதை காலை இழுக்காமல் தன் அறைக்கு நடந்து போனாள்.